ஆண்டுக்கு 500 பவுண்டு எங்கே போயிற்று?

செவ்வியல் நாவல்களை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதச் சொல்லும் ஆங்கிலப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

தமிழில் எழுதப்பட்ட மடல் உங்கள் மேசைக்கு வந்து சேராது என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் புத்தகங்கள் கும்பகோணம் வரை வந்து சேர்ந்துவிடுகின்றன. காசு கொடுத்து வாங்கியவளுக்குக் குறை சொல்லும் உரிமை உண்டல்லவா? நம் ஊர்ப் பதிப்பாளர்கள் யாருக்காவது இதே யோசனை தோன்றியிருந்தால் அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் ஆறு நாவல்களையும் இன்றைய எழுத்தாளர்கள் ஆறு பேரிடம் கொடுத்து, இன்றைய உலகில் நடப்பதுபோல எழுதி வாங்குவது என்று ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் ஒரு திட்டம் போட்டது. 'ஆஸ்டின் புராஜெக்ட்' என்று பெயர். 2013-இல் ஜோவன்னா டிரொலோப் எழுதிய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி', 2014-இல் வால் மெக்டெர்மிட் எழுதிய 'நார்த்தேங்கர் அபி', அதே ஆண்டில் அலெக்சாண்டர் மெக்கால் ஸ்மித் எழுதிய 'எம்மா', 2016-இல் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை மாற்றி கர்ட்டிஸ் சிட்டன்ஃபீல்ட் எழுதிய 'எலிஜிபிள்'. நால்வருமே தேர்ந்த எழுத்தாளர்கள். மீதி இரண்டு நாவல்கள் வரவேயில்லை. வந்தவற்றைப் படித்து முடித்தபோது, வராததற்காக வருந்தத் தோன்றவில்லை. எதனால் அப்படி ஆயிற்று என்று சொல்லத்தான் இந்த மடல்.

நான் வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இலக்கியம் படித்தவள் இல்லை. ஆஸ்டினை என் மகளின் கல்லூரிப் பாடப் புத்தகத்தில்தான் முதலில் பார்த்தேன். காதல் கதை என்று நினைத்துப் பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் தொகை! யாருக்கு ஆண்டு வருமானம் எவ்வளவு, எந்தச் சொத்தின்மேல் யாருக்கு உரிமை, யார் செத்தால் யாருக்குப் போகும், வட்டி எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் பாதிரியார் நாயகி எலிசபெத்திடம் திருமணப் பேச்சை எடுக்கும்போதே, உன் அம்மாவின் காலத்துக்குப் பிறகு நான்கு சதவீத வட்டியில் கிடக்கும் 1,000 பவுண்டுதான் உனக்கு வரும், அதை நான் குத்திக்காட்ட மாட்டேன் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறார். பெண் பார்க்க வந்த இடத்தில் வட்டி விகிதத்தை நினைவு வைத்திருக்கும் மாப்பிள்ளை! அன்றிலிருந்து நான் ஆஸ்டினை விடவில்லை.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் இரண்டாம் அத்தியாயத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனாலும் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். என் குறை முழுவதும் அதற்குள் இருக்கிறது. நார்லண்ட் என்ற பெரிய பண்ணை வீடு. அதன் கிழவர், தம்மைப் பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்ட பெண்களை விட்டுவிட்டு, எப்போதோ வந்து போகையில் மழலை பேசிக் குறும்பு செய்த ஒரு சின்னப் பையனுக்குப் போய்ச் சேரும்படி சொத்தைக் கட்டிவைத்துச் சாகிறார். பெண்கள் மூவருக்கும் தலைக்கு 1,000 பவுண்டு. அவர்களுடைய அப்பா விட்டுப்போனது 7,000. ஆக 10,000. அதில் வருவது ஆண்டுக்கு 500. அப்பா சாகும்போது, முதல் மனைவியின் மகனும் அந்தச் சின்னப் பையனின் அப்பாவுமான ஜானிடம், உன் சிற்றன்னையையும் தங்கைகளையும் பார்த்துக்கொள் என்று வாக்கு வாங்குகிறார்.

ஜான் நல்லவன்தான். தங்கைகளுக்குத் தலைக்கு 1,000 வீதம் 3,000 கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவு செய்கிறான். அவன் மனைவி ஃபேனி பேசத் தொடங்குகிறாள். நம் பையனின் பங்கு குறைந்துவிடுமே என்கிறாள். சரி, பாதியாக்கி 500 வீதம் கொடுப்போம் என்கிறான். அதுகூட எதற்கு, சிற்றன்னைக்கு உயிருள்ளவரை ஆண்டுக்கு 100 கொடுத்தால் போதாதா என்று அவனே கேட்கிறான். ஆண்டுத்தொகை வாங்குகிறவர்கள் சாவதே இல்லை, பார்த்திருக்கிறீர்களா என்கிறாள் அவள். அப்படியானால் எப்போதாவது ஐம்பது பவுண்டு அனுப்பலாம் என்று இறங்குகிறான். கடைசியில், மாமனார் சொன்னது பணத்தைப் பற்றியே இருக்காது, வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவுவது, பருவத்துக்கு மீனும் வேட்டைக்கறியும் அனுப்புவது, இதைத்தான் நினைத்திருப்பார் என்று அவள் முடிக்கிறாள். அவனுக்கும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. அதோடும் விடவில்லை: அவர்கள் எடுத்துப்போகும் பீங்கான் சாமான்கள் நம் வீட்டில் உள்ளதைவிட அழகாக இருக்கின்றனவே என்று அவளுக்கு ஓர் ஏக்கம்.

யாரும் குரல் உயர்த்தவில்லை. யாரையும் யாரும் வெறுக்கவும் இல்லை. ஒரு தம்பதி உட்கார்ந்து பேசி, 3,000 பவுண்டை மீனாக்கிவிட்டார்கள்.

இந்த அத்தியாயத்தை நான் கடன் பிரிவு மேசையில் பலமுறை கேட்டிருக்கிறேன். வீட்டை அடமானம் வைத்துக் கடன் கேட்டு அண்ணன் வருவார். வாரிசுச் சான்றிதழில் தங்கைகள் பெயர் இருக்கும். தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் கையெழுத்துப் போட்ட விடுதலைப் பத்திரம் வேண்டும் என்போம். "அதற்கென்ன, நாளைக்கே கொண்டுவருகிறேன்" என்பார். கொண்டும் வருவார். தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத் திருத்தம் 1989-இலேயே வந்துவிட்டது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. சட்டம் வந்தது, பத்திரமும் வந்துகொண்டேதான் இருந்தது. கல்யாணத்துக்குச் செய்தாகிவிட்டது, பிரசவம் பார்த்தாகிவிட்டது, வருடம் தவறாமல் பொங்கல் சீர் போகிறது, பிறகென்ன என்பார்கள். ஃபேனியின் மீனும் வேட்டைக்கறியும்தான் நம் பொங்கல் சீரில் கரும்பும் மஞ்சள் கொத்துமாக இருக்கின்றன. தங்கைகள் பெரும்பாலும் சிரித்த முகத்தோடுதான் கையெழுத்துப் போட்டார்கள். பிறந்த வீட்டு வாசலை அடைத்துக்கொள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

இப்போது உங்கள் புத்தகங்களுக்கு வருகிறேன்.

டிரொலோப் கதையின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்திருக்கிறார். வீடு போகிறது, பெண்கள் டெவன்ஷருக்குப் போகிறார்கள். மூத்தவள் எலினோர் கட்டடக்கலை படிக்கிறாள். தங்கை மேரியானுக்கு ஆஸ்துமா. மேரியான் மனம் பறிகொடுக்கும் வில்லோபி ஆஸ்டன் மார்ட்டின் கார் ஓட்டுகிறான். குதிரை வண்டிக்குப் பதில் கார் வந்துவிட்டது, காய்ச்சலுக்குப் பதில் ஆஸ்துமா வந்துவிட்டது, கடிதத்துக்குப் பதில் கைப்பேசி. 500 பவுண்டுக்குப் பதில் என்ன வந்தது? மூல நாவல் வந்த 1811-இல் ஒரு கௌரவமான குடும்பத்துப் பெண்ணுக்குச் சம்பாதிக்க வழியே கிடையாது. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை ஒன்றுதான் மிச்சம். அதனால் வட்டி வருமானம் குறைந்தால் வாழ்க்கையே குறைந்துவிடும். 2013-இல், உடம்பில் தெம்புள்ள தாயும் வளர்ந்த மகள்களும் வீடு போய்விட்டதே என்று கண்ணைக் கசக்கும்போது, எனக்கு இரக்கம் வரவில்லை. போய் ஒரு வேலை பாருங்களேன் என்றுதான் வாய்வரை வந்தது. மூலத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றி இப்படி ஒரு நினைப்பு எனக்கு ஒருமுறைகூட எழுந்ததில்லை. கதாபாத்திரங்கள் மாறவில்லை, சம்பவங்கள் மாறவில்லை. ஆனால் காலுக்குக் கீழே இருந்த சட்டத்தை உருவிவிட்டதால் பாவப்பட்டவர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். இங்கிலாந்தில் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ள 1882-இல் சட்டம் வந்தது. உயில் இல்லாமல் இறப்பவரின் நிலம் மூத்த மகனுக்கே போகும் முறை 1925-இல் ஒழிந்தது. இவ்வளவும் நடந்த பிறகு அதே கதையை எழுதுகிறவர், அந்தச் சட்டங்கள் செய்த வேலையை இன்றைக்கு எது செய்கிறது என்று முதலில் கண்டுபிடித்திருக்க வேண்டாமா?

'நார்த்தேங்கர் அபி'யில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மெக்டெர்மிட் கெட்டிக்காரர். பாத் நகரத்தை எடின்பரோ விழாவாக மாற்றியது அழகு. பேய்க்கதை படித்துக் கெட்டுப்போகும் கேதரினை, ரத்தக்காட்டேரிக் கதை படிக்கும் பெண்ணாக்கியதும் பொருத்தம்தான். ஆனால் முடிவுக்கு வாருங்கள். மூலத்தில் கேதரின் விரும்பும் இளைஞனின் அப்பா ஜெனரல் டில்னி, அவளைத் தம் மாளிகைக்கு அழைத்து உபசரிக்கிறார்; திடீரென்று ஒரு நாள் விடிந்ததும் வண்டியேற்றித் துரத்திவிடுகிறார். பதினேழு வயதுப் பெண், எழுபது மைல், துணைக்கு ஒரு வேலையாள்கூட இல்லை. கைச்செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கடைசி நிமிடத்தில் ஜெனரலின் மகள் கேட்கிறாள். அப்போதுதான் கேதரின் பையைத் திறந்து பார்க்கிறாள். போதுமான பணம் இல்லை. தோழி மட்டும் கேட்டுக் கொடுத்திராவிட்டால் நடுவழியில்தான் நின்றிருப்பாள். இதற்கெல்லாம் காரணம், அவள் பெரிய பணக்காரி என்று ஒருவன் ஜெனரலிடம் அளந்துவிட்டிருந்தான். பிறகு அவனே ஆத்திரத்தில், அவள் ஒன்றுமில்லாதவள் என்று மாற்றிச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். இந்த மனிதர் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று பேய்க்கதைப் பழக்கத்தில் சந்தேகப்பட்டு, அதற்காக வெட்கப்பட்டுப்போன கேதரின், கடைசியில் தான் அப்படியொன்றும் அதிகமாக நினைத்துவிடவில்லை என்ற முடிவுக்கு வருகிறாள்.

உங்கள் பதிப்பில் ஜெனரல் அவளைத் துரத்துவது, அவள் பெண்களை விரும்புகிறவள் என்று யாரோ சொல்லிவிட்டதால்.

ஏன் இப்படி மாற்ற நேர்ந்தது என்று எனக்குப் புரிகிறது. கைப்பேசியும் முகநூலும் உள்ள காலத்தில் ஒரு குடும்பத்தின் வசதியைப் பற்றிப் புளுகினால் அரை மணி நேரம் தாங்காது. வேறு காரணம் வேண்டியிருந்தது. ஆனால் எந்தக் காரணத்தை எடுத்தார் என்று பாருங்கள். இதோடு 'எலிஜிபிள்' நாவலையும் சேர்த்துப் படித்தேன். மூலத்தில் எலிசபெத்தின் தங்கை லிடியா, விக்காம் என்ற படை அதிகாரியோடு ஓடிப்போகிறாள். எலிசபெத்தை விரும்பும் டார்சி அவனுடைய 1,000 பவுண்டுக்கும் மேலான கடனை அடைத்து, இன்னொரு 1,000 பவுண்டை லிடியாவின் பேரில் எழுதிவைத்து, அவனுக்குப் படையில் ஒரு பதவியும் வாங்கிக் கொடுத்துக் கல்யாணத்தை முடிக்கிறார். சிட்டன்ஃபீல்ட் கதையைக் கொண்டுபோன அமெரிக்க நகரமான சின்சினாட்டியில் லிடியா ஓடிப்போய் மணப்பது ஒரு திருநம்பியை. அவர் நல்ல மனிதர். அங்கே தீர வேண்டியது கடன் இல்லை, அம்மாவின் அருவருப்பு. டார்சி அதைப் பேசித் தீர்த்து வைக்கிறார்.

இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். பணம் இருந்த இடத்தில் அதை எடுத்துவிட்டு, குறுகிய மனத்தை வைத்திருக்கிறார்கள். அந்த வெறுப்புகள் பொய் என்று நான் சொல்லவில்லை. அதனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் என் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்றே நாவல்கள் வரவேண்டும், வந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் ஆஸ்டினின் ஜெனரலை எடுத்துவிட்டு இந்த ஜெனரலை வைக்கும்போது, படிக்கிறவருக்கு ஒரு சௌகரியம் கிடைத்துவிடுகிறது. நான் அப்படிப்பட்டவன் இல்லையே என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டலாம். பழைய ஜெனரலிடம் அந்த நிம்மதி கிடையாது. மருமகள் வரப்போகும் வீட்டின் வசதியை விசாரிக்காத மாமனார் யார்? ஜான், ஃபேனி பேச்சைத் தம் வீட்டுக் கூடத்தில் ஒருமுறையாவது கேட்டிராதவர் யார்? ஃபேனியை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்தால் அவள் எல்லா முற்போக்கான கருத்துகளையும் சரியாகச் சொல்வாள். 3,000-ஐ மட்டும் கொடுக்க மாட்டாள்.

நியாயமாகப் பேசுவதென்றால், சிட்டன்ஃபீல்ட் ஓர் இடத்தில் சரியான சாவியைக் கண்டுபிடித்துவிட்டார். பெண்களின் அப்பா பென்னட்டுக்கு இதய அறுவை சிகிச்சை. மருத்துவமனைக் கட்டணம் குடும்பத்தை அழுத்தி, வீட்டை விற்கும் நிலை வருகிறது. அமெரிக்காவில் ஒரு நடுத்தர வீடு அப்படித்தான் கைவிட்டுப் போகும். படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்தக் கடன் பெண்களின் திருமணத்தோடு முடிச்சுப் போடப்படவில்லை. மூலத்தில் எலிசபெத்தின் தோழியான இருபத்தேழு வயதுச் சார்லட், காலின்ஸின் அசட்டுத்தனத்தை நன்றாகத் தெரிந்துகொண்டே, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று அவரை மணக்கிறாளே, அந்த அச்சம் இங்கே யாருக்கும் இல்லை. இன்றைய எலிசபெத்தான லிஸ்ஸுக்கு வயது முப்பத்தெட்டு, பத்திரிகையில் வேலை. அம்மா கல்யாணம் கல்யாணம் என்று புலம்புவது வெறும் புலம்பலாகவே நின்றுவிடுகிறது. மூலத்தில் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய், பாதி வழியில், குடும்பக் கணக்கைச் சரியாகப் போட்டவள் இவள் ஒருத்திதான் என்று தெரிந்து நான் திடுக்கிட்டிருக்கிறேன்.

'எம்மா'வைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. 30,000 பவுண்டுக்கு உரியவள் எந்தக் காலத்திலும் பிழைத்துக்கொள்வாள். மினி கூப்பரில் சுற்றினாலும் அவள் எம்மாதான். அந்த நாவலை 1995-இல் 'க்ளூலெஸ்' படம் பெவர்லி ஹில்ஸ் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய், யார் மேல் யார் கீழ் என்ற அடுக்கை அப்படியே நட்டுவைத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த புத்தகம் பாவம்.

மாற்றி எழுதவே கூடாது என்கிற கட்சி இல்லை நான். 2000-இல் வந்த ராஜீவ் மேனனின் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'தான். தாத்தாவின் உயில் வெளியே வருகிறது, வீடு மாமாவுக்குப் போகிறது, அம்மாவும் பெண்களும் சென்னைக்கு வண்டியேறுகிறார்கள். பாட்டுகளும் வெளிநாட்டுக் கோட்டைகளும் அதிகம்தான், போகட்டும். ஆனால் அந்த உயிலை அரங்கில் யாரும் கேள்வி கேட்கவில்லை. செட்டிநாட்டுப் பெரிய வீடு பெண்ணுக்குப் போகாமல் ஆண்பிள்ளைக்குப் போவதை எங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வில்லோபியை நிதி நிறுவனம் நடத்தி முழுகிப்போகிறவனாக மாற்றியிருந்தார்கள். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்களில் பணத்தைப் போட்டுவிட்டு வாசலில் நின்ற ஊரில், அதைவிடப் பொருத்தமான ஆளை எங்கே தேடுவது? உங்கள் மூன்று ஆண்டுத் திட்டத்தில் கிடைக்காத சரியான மாற்று, ஒரு மசாலாப் படத்தில் போகிறபோக்கில் கிடைத்தது.

ஆஸ்டினுக்கு வெளியேயும் உதாரணம் உண்டு. டிக்கன்ஸின் 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலை பார்பரா கிங்சால்வர் 2022-இல் 'டீமன் காப்பர்ஹெட்' என்று அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதிக்குக் கொண்டுபோனார். அநாதைப் பையனை இன்றைக்கு யார் வேலை வாங்குவார்கள் என்று தேடி, வளர்ப்புப் பிள்ளை என்ற பெயரில் புகையிலைத் தோட்டத்தில் உழைக்க வைக்கும் வீட்டைக் கண்டுபிடித்தார். ஒரு ஊரையே இன்று எது விழுங்குகிறது என்று தேடி, மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரைகளைக் கண்டுபிடித்தார். டிக்கன்ஸைப் படிக்காதவரும் அதைப் படித்துக் கலங்கலாம். புலிட்சர் பரிசு கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் நான் இதையேதான் எழுதியிருப்பேன்.

ஆஸ்டின் ஏன் இப்படிக் கணக்குப் பார்த்தார் என்பதை உங்கள் எழுத்தாளர்கள் யோசித்திருக்கலாம். 1805-இல் அப்பா போனபிறகு, தாயும் இரு மகள்களும் சகோதரர்கள் அனுப்பும் தொகையில் வாழ்ந்தார்கள். 1809-இல் சாட்டன் ஊரில் ஒரு சிறு வீடு கொடுத்தது, வசதியான உறவினருக்குச் சுவீகாரம் போய்ப் பெரிய பண்ணைகளுக்கு உரியவரான அண்ணன் எட்வர்ட். 'நார்த்தேங்கர் அபி'யின் முதல் வடிவத்தை 1803-இல் ஒரு பதிப்பாளர் 10 பவுண்டுக்கு வாங்கி, அச்சிடாமல் மூட்டைகட்டி வைத்திருந்தார். 1816-இல் அதே 10 பவுண்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையை 110 பவுண்டுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அது எத்தனை பதிப்பு போனாலும் அவருக்கு ஒரு பென்னிகூட வராது. பதிப்புத் தொழில் அப்போதும் உங்கள் கையில்தான் இருந்தது.

மீதி இரண்டு நாவல்களை நீங்கள் இன்றில்லாவிட்டாலும் நாளை எடுப்பீர்கள். 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' வீட்டின் செலவுக்குப் பணம் ஆன்டிகுவா தோட்டத்திலிருந்து வருகிறது. அடிமைகள் உழைத்த தோட்டம். அதை எழுத எடுப்பவர், இன்றைக்கு லண்டன் மாளிகை ஒன்றின் பணம் எந்த நாட்டில் யார் உழைப்பிலிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதட்டும். 'பர்சுவேஷன்' இன்னும் சுலபம். சர் வால்டர் கடனில் மூழ்கிப் பரம்பரை வீட்டை வாடகைக்கு விடுகிறார். ஆன், பத்தொன்பது வயதில், கையில் ஒன்றுமில்லாத கடற்படை இளைஞன் வென்ட்வொர்த்தைப் பிறர் பேச்சைக் கேட்டு வேண்டாம் என்கிறாள். எட்டாண்டு கழித்து அவன் 25,000 பவுண்டோடு திரும்பி வருகிறான். வீட்டுக்கு முன்தொகை கட்ட முடியாமல் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் இளைஞர்கள் உங்கள் நகரத்தில் இல்லையா? பெற்றோர் கொடுத்தால்தான் வீடு என்ற நிலைமை அங்கேயும் வந்துவிட்டது என்று உங்கள் செய்தித்தாள்களிலேயே படிக்கிறேன்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். எந்த எழுத்தாளரை அமர்த்தினாலும், முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு தாள் எழுதித் தரச் சொல்லுங்கள். சர் வால்டருக்கு இன்றைக்கு எவ்வளவு கடன், யாரிடம், எதை அடமானம் வைத்து? வீட்டு வாடகை எவ்வளவு வரும்? ஆன் பேரில் என்ன இருக்கிறது, அவள் வேலைக்குப் போகிறாளா, போனால் சம்பளம் யார் கைக்குப் போகிறது? வென்ட்வொர்த் எட்டு ஆண்டுகளில் சம்பாதித்தது எந்த வழியில்? தாளில் தொகைகள் நிரப்பப்படாமல் வந்தால், நாங்கள் செய்வதைப்போலவே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடன் பிரிவு அதிகாரி,
கும்பகோணம்